சைக்கிள் ஓட்ட ஆள் சேக்குறது எப்படி? கேளுங்க, சொல்றேன்

காரைக்குடியில ரொம்ப வருஷமா சைக்கிள் கடை வச்சிருக்கேன். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிஞ்சதச் சொல்றேன்.

கேள்வி (கோட்டையூர், காலேஜ் தம்பி): அண்ணே, எங்க ஊர்லேர்ந்து காரைக்குடி கிட்டக்கதான், ஆனா எல்லாரும் பைக்குதான் எடுக்குறாங்க. ஏன்?

பதில்: பயம் தம்பி, சோம்பேறித்தனம் இல்ல. பின்னால பஸ் ஹார்ன் அடிச்சிக்கிட்டு வர்றப்ப ஒதுங்க எடமில்ல, தார விட்டு எறங்குனா மண்ணு சறுக்குது. ஆனா நம்ம பக்கம் ஒரு வசதி இருக்கு, செட்டியார் வீட்டுத் தெருவெல்லாம் நூல் புடிச்ச மாதிரி நேரா போகும், முன்வாசல் ஒரு தெரு பின்வாசல் அடுத்த தெரு, அதனால மெயின் ரோட்டத் தொடாமலே பாதி ஊரச் சுத்திரலாம். அந்த வழிய ஒரு பேப்பர்ல வரைஞ்சு கூட்டாளிகளுக்கு வாட்ஸப்ல அனுப்பு.

கேள்வி (தேவகோட்டை, டீச்சர்): நாப்பது வயசுல கத்துக்கிட்டா ஊரு சிரிக்காதா?

பதில்: அக்கா, பக்கத்து புதுக்கோட்டையப் பாருங்க. 1990கள் தொடக்கத்துல ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்தப்ப, அறிவொளி இயக்கம் எழுத்தோட சேத்து சைக்கிளும் கத்துக்குடுத்துச்சு. ஒரு லட்சத்துக்கும் மேல பொம்பளைங்க கத்துக்கிட்டாங்க, கல் குவாரியில வேலை பாத்தவங்க, கூலிக்குப் போனவங்க, நர்சுங்க எல்லாரும்தான். கேலி பேசாம இல்ல, ஆனா கூட்டம் கூட்டமா ஓட்டுனப்ப பேசுனவங்க வாய் அடங்கிருச்சு. பார் வச்ச ஜென்ட்ஸ் சைக்கிளே போதும், முன்னால புள்ளைய ஒக்கார வச்சுக்கலாம்னு விரும்பி ஓட்டுனவங்களும் உண்டு. பஸ்ஸுக்குக் காத்துக் கெடக்குற வேல போச்சே, அது எவ்வளவு பெருசு!

கத்துக்குடுக்க நான் பண்றது இதுதான்: சீட்ட எறக்கி ரெண்டு பாதமும் தரையில படுற மாதிரி வச்சு, பெடல் ரெண்டையும் கழட்டிருவேன் (இடது பெடலுக்கு மரை தலைகீழ், ஸ்பேனர வலப்பக்கமா சுத்துனாத்தான் கழலும்). கால உந்தி உந்தி உருண்டாலே பேலன்ஸ் வந்துரும். போன மாசம் ஒரு ஆச்சி அப்படித்தான் கத்துக்கிட்டாங்க, சேலைய இடுப்புல சொருகிக்கிட்டு, மூணாம் நாள் பெடல் மாட்டுனதும் தெருக்கோடி வரைக்கும் போயிட்டு, எறங்கத் தெரியாம "புடிங்கப்பா"ன்னு கத்துனாங்க, மொகத்துல அப்படி ஒரு சந்தோஷம்.

கேள்வி (பள்ளத்தூர்): பதினொண்ணாவதுல பையனுக்குக் குடுத்த இலவச சைக்கிள் சும்மா நிக்குது.

பதில்: காத்தில்லாம நிறுத்தாதீங்க, டயர் ஓரத்துல வெடிப்பு விட்டுரும். ஞாயித்துக்கிழமை கடைக்குக் கொண்டு வாங்க, காத்தடிச்சு செயினுக்கு எண்ணெ விட்டுத் தர்றேன், காசு வேணாம்.

கேள்வி (காரைக்குடி): மாநகராட்சிட்ட என்ன கேக்கலாம்?

பதில்: கொலம்பியா நாட்டு போகோட்டாவுல 1974லேர்ந்து ஞாயித்துக்கிழமைகள்ல பெரிய ரோடுகள்ல கார் போக விடாம தடுத்து, அந்த ரோட்ட ஜனங்களுக்கு விட்டுருக்காங்க. நமக்கு நூறடி ரோட்டுல காலைல ரெண்டு மணி நேரம் குடுத்தாப் போதும். எழுதிக் குடுக்கலாம், கையெழுத்துப் போட வர்றவங்க கடைக்கு வாங்க, பேப்பர் மேசையிலயே இருக்கு.