மாமியார் குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்கிறார் என்றால்

தங்கச்சி, ஒரு மாதக் குழந்தையின் நாக்கில் மாமியார் தேன் தடவுவதும், "உனக்குப் பால் பத்தலை" என்று நாள் முழுக்கச் சொல்வதும் எவ்வளவு நோகடிக்கும் என்று புரிகிறது. எல்லாவற்றுக்கும் மல்லுக்கு நிற்க வேண்டாம். திருஷ்டிப் பொட்டு, பத்தியக் குழம்பு எல்லாம் அவர் இஷ்டப்படி நடக்கட்டும்.

தேனில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு வயது வரை கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய கிருமி பச்சைக் குழந்தையின் குடலில் வளர்ந்து, நரம்பைத் தாக்கும் நச்சை உண்டாக்கலாம். மலச்சிக்கலோ, பால் உறிஞ்சுவதில் சோர்வோ தெரிந்தால் உடனே டாக்டரிடம் ஓடுங்கள். 6 மாதம் வரை தாய்ப்பாலே போதும், தண்ணீர்கூட வேண்டாம். நாளுக்கு 6 தடவையாவது துணி நனைந்து, எடையும் ஏறினால் பால் பத்துகிறது என்றுதான் அர்த்தம்.

இதை நீங்கள் சொன்னால் "நேத்து வந்தவ" என்பார்கள். கணவர் சொல்லட்டும், அதுவும் நீங்கள் பக்கத்தில் இல்லாதபோது. அப்புறம், 6 வாரத் தடுப்பூசிக்கு மாமியாரையும் கூட்டிப் போய், தேன் விஷயத்தை அவர் எதிரிலேயே டாக்டரிடம் கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் உங்கள் மனம் பாரமாகவே இருந்தால் அதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.