இரண்டாவது ஏற்றத்தில் ஸ்கின் கழன்றால்

ஸ்கின் என்பது பனிமலையில் ஏறும்போது பின்னால் வழுக்காமலிருக்கச் சறுக்குப் பலகையின் அடியில் ஒட்டும் பட்டை. அது கழல்வதால் புதிது வாங்க வேண்டுமா என்று கேட்டீர்கள்; வேண்டாம். முதல் ஏற்றத்தில் ஒட்டி, சறுக்கி இறங்கிய பிறகு இரண்டாவது ஏற்றத்தில் வால்பக்கம் கழல்கிறது என்கிறீர்கள். பெரும்பாலும் பசை ஈரமாகிக் குளிரில் விறைத்திருக்கும். இறங்கும்போது பையில் போடாமல் ஜாக்கெட்டுக்குள், வயிற்றோடு வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டும் முன் பலகையின் அடியை அழுத்தித் துடையுங்கள். சர்க்கரைத் தூள் போல ஒட்டியிருக்கும் பனிப்பொடிதான் வில்லன்.

இரவு தங்கும் மலைக்குடிலில் ஒரு சோதனை: காய்ந்த பின் பசைப்பக்கங்களை ஒட்டிப் பிரியுங்கள். மல்லுக்கட்ட வேண்டியிருந்தால் பசை நலம். சுலபமாக வந்தால் புதுப் பசை பூசியாக வேண்டும்.

அடுப்புக்கு மேல் மட்டும் உலர்த்தாதீர்கள், பசை இளகிவிடும் (ஒரு ஜோடியை அப்படித்தான் இழந்தேன்). ஆல்ப்ஸ் மலையின் ஷாமோனி–செர்மாட் சறுக்குப் பாதையில் வின்யெட் குடிலிலிருந்து கிளம்பும் கடைசி நாளில் மூன்று கணவாய்கள், அதாவது மூன்று ஏற்றங்கள். கழன்றால் ஸ்கின்னைப் பலகையோடு கட்ட இரண்டு ரப்பர் பட்டைகள் கையில் இருக்கட்டும்; ஸ்கின் கழல்வதை வழிகாட்டியிடம் முன்னிரவே சொல்லிவிடுங்கள்.