மழுங்கிப்போன வெள்ளி ரூபாய்க்கு கிரேடு பார்ப்பது எப்படி?

கேள்வி: தாத்தாவின் பெட்டியில் விக்டோரியா, எட்வர்ட், ஜார்ஜ் கால வெள்ளி ரூபாய்கள் சில இருந்தன. முகமெல்லாம் மழுங்கிக் கிடக்கிறது. ஒரு கடைக்காரர் ‘வி.எஃப்.’ (வெரி ஃபைன்) என்கிறார், இன்னொருவர் ‘வெள்ளி விலைக்குத்தான் போகும்’ என்கிறார். நானே கிரேடு பார்க்க முடியுமா?

பதில்:

முடியும். ஆனால் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிடுங்கள். கன்னம், காதுக்கு மேல் உள்ள முடி, கிரீடத்தின் கற்கள் எல்லாம் நல்ல நிலையில் உள்ள நாணயங்களைத் தரம் பிரிக்கத்தான் உதவும். அவை ஒட்டுமொத்தமாகத் தேய்ந்தபின் முகத்தில் ஒப்பிட எதுவும் மிச்சமில்லை. அதற்குக் கீழே உள்ள கிரேடுகளை விளிம்பும் எழுத்தும்தான் முடிவு செய்கின்றன.

இன்று எல்லாரும் பயன்படுத்துவது ஷெல்டன் அளவுகோல். அமெரிக்காவின் பழைய செப்பு சென்ட்டுகளுக்காக வில்லியம் ஷெல்டன் 1949இல் கொண்டுவந்தது. 1 முதல் 70 வரை போகும். நமக்கு இங்கே வேண்டியது அதன் அடிப்பகுதி மட்டும்: புவர் 1, ஃபேர் 2, அபவுட் குட் 3, குட் 4 மற்றும் 6, வெரி குட் 8 மற்றும் 10, ஃபைன் 12 மற்றும் 15. வி.எஃப். 20இல்தான் தொடங்குகிறது. கிரீடம் அணிந்த விக்டோரியா ரூபாயை வி.எஃப். என்று சொல்ல வேண்டுமானால் கிரீடத்தின் கற்கள் தனித்தனியாகத் தெரிய வேண்டும், சட்டையின் பூவேலையில் பெரும்பகுதி நிற்க வேண்டும். கண்காட்சி மேசைகளில் ‘வி.எஃப்.’ சீட்டு ஒட்டிய ரூபாய்களில் பாதிக்கு மேல் ஃபைன்கூடத் தேறாது என்பது என் கணிப்பு. ‘குட்’ என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். நாணய உலகில் அது கிட்டத்தட்ட கடைசிப் படி.

பார்க்கும் முறை இதுதான். அறை விளக்கை அணைத்து, ஒற்றை மேசை விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாக வையுங்கள். ஒளி நாணயத்தின் மேல் சாய்வாக விழ வேண்டும். முதலில் வெறும் கண்ணால், கை நீட்டும் தூரத்தில் பாருங்கள். அதன் பிறகே 5 மடங்கு அல்லது 10 மடங்கு லூப் (கண்ணருகே பிடித்துப் பார்க்கும் சிறு உருப்பெருக்கிக் கண்ணாடி). லூப்பிலேயே தொடங்கினால் ஒவ்வொரு கீறலும் பெரிதாகத் தெரிந்து, கிரேடைத் தேவைக்கு மேல் குறைத்துவிடுவீர்கள். ஓரத்தைப் பிடித்து மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். நேர் வெளிச்சத்தில் காணாமல் போன ஆண்டு எண் ஏதாவது ஒரு கோணத்தில் நிழலாக எழும்.

இப்போது ஒரு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயை எடுத்துக்கொள்வோம். சுற்றி ஓடும் எழுத்துகளின் தலை விளிம்பைப் பார்த்தபடி இருக்கும். விளிம்பு தேயத் தேய உள்நோக்கிப் பரவி முதலில் எழுத்தின் தலையைத்தான் தின்னும். கிரீடம் வெறும் தொப்பி வடிவம், தாடியும் கன்னமும் ஒரே மேடு, அங்கியின் மேல் கிடக்கும் சங்கிலியில் யானை இருந்த இடம் வழவழப்பு. ஆனால் விளிம்பு முழுச் சுற்றும் தனியாக நிற்கிறது, எழுத்துகள் முழுதாக இருக்கின்றன என்றால் குட் 6. விளிம்பு ஓரிரு இடத்தில் மட்டும் தளத்தோடு கலந்து, எழுத்துகள் ஏறத்தாழ முழுமை என்றால் குட் 4. எழுத்துகளின் தலை பல இடங்களில் விளிம்புக்குள் கரைந்துவிட்டது, ஆனாலும் பெரும்பாலும் படிக்க முடிகிறது என்றால் அபவுட் குட் 3. எழுத்தே துண்டு துண்டாகத்தான் தெரிகிறது என்றால் ஃபேர். எந்த நாணயம், எந்த ஆண்டு என்று மட்டும் அடையாளம் காண முடிந்தால் புவர்.

மேல்நோக்கிப் போனால், கிரீடத்தின் பட்டையிலோ அங்கியின் மடிப்பிலோ கொஞ்சம் வேலைப்பாடு மிச்சமிருந்தால் வெரி குட். பள்ளமான இடங்களில் வேலைப்பாடு நன்றாகத் தெரிந்து, எழுத்துகள் எல்லாம் கூர்மையாக நின்றால் ஃபைன். எட்வர்ட் ரூபாயில் கிரீடமில்லாத தலை என்பதால் காது மடலையும் அதற்கு மேலுள்ள முடியையும் பாருங்கள்; முடிக் கற்றைகள் பிரிந்து தெரியாவிட்டால் ஃபைன் என்ற பேச்சுக்கே இடமில்லை.

பின்பக்கத்தைத் தனியாகக் கணியுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு தேய்வதில்லை. இந்த ரூபாய்களில் ஆண்டு பின்பக்கத்தில்தான் இருக்கிறது, ஆகவே தலைப்பக்கம் குட், பின்பக்கம் அபவுட் குட் என்றால் விலை பேசும்போது கீழ்க் கிரேடே நிற்கும். ஒரு பக்கம் மட்டும் மொழுக்கையாகி மறுபக்கம் ஃபைனாக இருந்தால் உடனே சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் அது காசு மாலையிலோ பதக்கத்திலோ கிடந்தது. உடம்பில் உரசிய பக்கம் மட்டும் போயிருக்கும். ஓரத்தைச் சுற்றியுள்ள கோடுகளை லூப்பில் பாருங்கள். தலைக்கு நேர் மேலே கோடுகள் அறுபட்டு, அங்கே மட்டும் நிறம் மாறியிருந்தால் வளையம் பற்றவைத்து எடுத்த தடம். அது தேய்மானம் அல்ல, சேதம். தேய்மானம் வேறு, சேதம் வேறு: ‘குட் 4, பற்றவைத்த தடம் உண்டு’ என்று சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். துளைக்கும் அதே கணக்கு. ஆனால் மழுங்கிய நாணயத்தில் சின்னச் சின்னக் கீறல்கள் இயல்பு, அதற்காகக் கிரேடைக் குறைக்க வேண்டியதில்லை.

அச்சே சரியாக விழாததையும் தேய்மானம் என்று எண்ணிவிடுவார்கள். அச்சு பலவீனமாக விழுந்த இடத்துக்கு நேர் பின்னால் மறுபக்கத்திலும் அதே பலவீனம் தெரியும். சுற்றியுள்ள எழுத்துகள் மட்டும் உயரமாக நிற்கும். தேய்ந்த இடமோ பக்கத்து இடங்களோடு சீராக இறங்கும்.

சந்தேகம் தீர தராசு வேண்டும், 0.01 கிராம் காட்டுவது. இந்த ரூபாயின் முழு எடை 11.66 கிராம், அதில் 91.7 சதவீதம் வெள்ளி. 1906ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் 2 சதவீதத்துக்கு மேல் எடை குறைந்த ரூபாயைச் செல்லும் பணமாக ஏற்கவில்லை, அதாவது 11.43 கிராமுக்குக் கீழே. குட் நிலைக்கு இறங்கிய ரூபாய் அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்பது இயல்பு. முகம் மொழுக்கை, எடை மட்டும் 11.6 என்றால் வார்ப்புப் போலி, ஒட்டியிருக்கும் பற்றாசு என்று வேறு காரணம் தேடுங்கள். எழுத்து கூர்மையாக இருந்து எடை 11.1 என்றாலும் அப்படியே. 1940 முதல் ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் வெள்ளி 50 சதவீதம்தான். தேய்ந்தால் மங்கலான மஞ்சள் கலந்த சாம்பல் நிறம் காட்டும். நிறத்தை வைத்துக் கிரேடு போடாதீர்கள்.

தயவுசெய்து புளி, திருநீறு, பாலிஷ் எதுவும் போட்டுத் தேய்க்காதீர்கள். மிச்சமிருக்கும் மெல்லிய எழுத்துதான் முதலில் போகும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால், காற்றோட்டமான இடத்தில், நெருப்பு பக்கத்தில் இல்லாமல், சுத்தமான அசிட்டோனில் சில நிமிடம் ஊறவைத்து, காய்ச்சி வடித்த நீரில் அலசித் தானாக உலர விடுங்கள். துணியால் துடைக்க வேண்டாம்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்றால், சாதாரண ஆண்டு ரூபாய் வெரி குட்டா குட்டா என்பதில் பெரிய விலை வித்தியாசம் கிடையாது. 11.2 கிராம் எடையுள்ள ரூபாயில் சுமார் 10.27 கிராம் வெள்ளி. அன்றைய வெள்ளி விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். உங்களிடம் பேசிய இரண்டாவது கடைக்காரர் சொன்னது இதைத்தான்.

ஆனால் 1862 என்று இருக்கும் ரூபாய்களைத் தனியாக எடுத்து வையுங்கள். 1874 வரை அடித்த ரூபாய்களிலும் 1862 என்றே ஆண்டு இருக்கும்; பம்பாய் அக்கசாலை (நாணயம் அடிக்கும் இடம்) பின்பக்கத்தில் சிறு புள்ளிகள் வைத்து உண்மையான ஆண்டைக் குறித்தது. மழுங்கிய நாணயத்தில் கிரேடைவிடப் புள்ளிக் கணக்குதான் விலையைத் தீர்மானிக்கும். தேய்ந்த புள்ளி சாய்ந்த ஒளியில் வெளிறிய வட்டமாகத் தெரியும். ஒட்டிய அழுக்கும் புள்ளி மாதிரியே இருக்கும். அசிட்டோனில் ஊறியபின் மரப் பல்குச்சி நுனியால் லேசாகத் தொட்டால் அழுக்கு நகர்ந்துவிடும், புள்ளி நகராது. புள்ளிகளுக்கு இடையில் இடைவெளி ஒழுங்கில்லாமல் இருந்தால், நடுவில் ஒன்று தேய்ந்துபோயிருக்கலாம். எண்ணிக்கையை உறுதியாக எழுதாதீர்கள். 1939 ரூபாயையும் தனியாக எடுத்து வையுங்கள், மழுங்கியிருந்தாலும் கேட்க ஆள் உண்டு. கடைசி இலக்கத்தைத் திருத்தியிருக்கிறார்களா என்று லூப்பில் பார்த்தபின் பேசுங்கள். தரச்சான்று நிறுவனத்துக்குப் பணம் கட்டி அனுப்புவது இவற்றுக்கு மட்டும் நியாயம். மற்றவற்றுக்கு உறையின் மேல் நீங்களே எழுதி வைத்தால் போதும்: ‘ஐந்தாம் ஜார்ஜ், 1918, தலை குட் 4, பின் அபவுட் குட் 3, 11.21 கிராம், துளை இல்லை.’