கேபிளைத் துண்டித்தால் விளையாட்டு ஒளிபரப்புக்கு யார் பணம் கட்டுவார்கள்?

அமெரிக்காவில் கேபிள் இணைப்பைக் கைவிடுவோர் பெருகிவரும் நிலையில் விளையாட்டு ஒளிபரப்பு எப்படி மாறும் என்று வாசகர்கள் கேட்ட கேள்விகளும், ஊடக வணிகத்தைக் கவனித்துவரும் ஒருவரின் பதில்களும்.

கேள்வி: நான் விளையாட்டே பார்ப்பதில்லை. என் கேபிள் கட்டணத்தில் ஒரு பகுதி விளையாட்டுக்குப் போனது என்பது உண்மையா?

பதில்: உண்மைதான். ஒரு சேனலை நீங்கள் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், அது உங்கள் தொகுப்பில் இருக்கும்வரை கேபிள் நிறுவனம் அதற்கு மாதந்தோறும் வீட்டுக்கு இவ்வளவு என்று கொடுத்தாக வேண்டும். பல சேனல்களுக்கு அது சில சென்ட்டுகள்தான். விளையாட்டுச் சேனலான ஈஎஸ்பிஎன்னுக்கோ அண்மை ஆண்டுகளில் ஏறத்தாழ 9 டாலர். 2011 வாக்கில் சுமார் 10 கோடி வீடுகளில் இருந்த அந்தச் சேனல், 2024-இல் 7 கோடிக்கும் குறைவான வீடுகளுக்குச் சுருங்கிவிட்டது.

கேள்வி: அப்படியென்றால் போட்டிகளை நடத்தும் லீக்குகளின் வருமானமும் சரிந்திருக்க வேண்டுமே?

பதில்: பெரிய லீக்குகளுக்கு இதுவரை நேர்மாறாகவே நடந்திருக்கிறது. அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல் 2021-இல் செய்துகொண்ட 11 ஆண்டு ஒளிபரப்பு ஒப்பந்தங்களின் மதிப்பு 10,000 கோடி டாலருக்கும் மேல். கூடைப்பந்து லீக்கான என்பிஏ 2024-இல் டிஸ்னி, என்பிசி, அமேசான் ஆகியவற்றோடு செய்துகொண்டது ஏறத்தாழ 7,600 கோடி டாலர். நடக்கும்போதே பார்க்கப்படுவதால் விளம்பரத்தைத் தாண்டிச் செல்ல முடியாத நிகழ்ச்சிகளில் இன்று முதன்மையானது விளையாட்டுதான் என்பதாலும், புதிய சந்தாதாரர்களை இழுக்க ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் அதற்காகப் போட்டியிடுவதாலும் விலை ஏறுகிறது.

கேள்வி: பாதிக்கப்படுவது யார்?

பதில்: உள்ளூர் அணிகளின் ஆட்டங்களைக் கேபிளில் காட்டும் வட்டாரச் சேனல்களும், அவற்றை நம்பியிருந்த அணிகளும்தான். இந்த மாற்றத்தின் உண்மையான முகம் இங்கேதான் தெரிகிறது என்பது என் கருத்து. முன்பு ஃபாக்ஸிடம் இருந்த 21 வட்டார விளையாட்டுச் சேனல்களைச் சின்க்ளேர் நிறுவனம் 2019-இல் பெரும் கடன் வாங்கிக் கைப்பற்றியது. கேபிள் வீடுகள் குறையக் குறைய அந்தக் கடனைத் தாங்க முடியாமல், அவற்றை நடத்திய டைமண்ட் நிறுவனம் 2023 மார்ச்சில் திவால் பாதுகாப்பு கோரியது. அதே ஆண்டு மே மாதத்தில் சான் டியேகோ பாட்ரெஸ் பேஸ்பால் அணிக்கு ஒளிபரப்பு உரிமைக்காகச் சேர வேண்டிய தவணையையும் அது கட்டவில்லை. பேஸ்பால் லீக்கே அந்த அணியின் ஒளிபரப்பை ஏற்று, உள்ளூர் ரசிகர்களுக்கு மாதம் 19.99 டாலருக்கு இணையத்தில் வழங்கத் தொடங்கியது. ரசிகருக்கு அது நல்ல செய்திதான். ஆனால் வட்டாரச் சேனல் முன்பு கொடுத்துவந்த பெருந்தொகையை அந்தச் சந்தாக்களால் மட்டும் ஈடுகட்டுவது கடினம். வீரர்களின் ஊதியம் அந்த வருமானத்தை நம்பியே திட்டமிடப்படுகிறது; அதிலும் சிறிய நகர அணிகளுக்கு வேறு வழிகள் குறைவு.

கேள்வி: வேண்டிய சேனலை மட்டும் வாங்கினால் செலவு குறையாதா?

பதில்: விளையாட்டு பார்க்காதவருக்குக் குறையும், ரசிகருக்குக் குறையும் என்று தோன்றவில்லை. ஓர் ஊகக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 10 கோடி வீடுகள் ஆளுக்கு 9 டாலர் கொடுத்தால் மாதம் 90 கோடி டாலர் கிடைக்கும், விரும்பும் 3 கோடி வீடுகள் மட்டும் வாங்கினால், அதே தொகையைத் திரட்ட ஆளுக்கு 30 டாலர் வாங்க வேண்டும். 2025 ஆகஸ்டில் ஈஎஸ்பிஎன் தன் முழுச் சேவையைக் கேபிள் இல்லாமலே விற்கத் தொடங்கியபோது அதற்கு வைத்த விலை 29.99 டாலர். அதிலும் எல்லா ஆட்டங்களும் கிடைத்துவிடாது. என்எஃப்எல் ரசிகர் வியாழக்கிழமை ஆட்டத்துக்கு அமேசானையும், வெளியூர் அணிகளின் ஞாயிறு ஆட்டங்களுக்கு யூடியூபையும் நாட வேண்டியிருக்கிறது.

கேள்வி: இவ்வளவு சந்தா கட்ட இயலாதவர் என்ன செய்வது?

பதில்: ஓர் ஆன்டெனா வாங்கி, கேபிள் இல்லாமலே இலவசமாக வரும் உள்ளூர் அலைவரிசைகளைப் பார்க்கலாம். ஃபீனிக்ஸ் சன்ஸ், யூட்டா ஜாஸ் ஆகிய கூடைப்பந்து அணிகள் 2023-இல் வட்டாரக் கேபிள் சேனலை விட்டுவிட்டு உள்ளூர் இலவச அலைவரிசைகளுக்கே திரும்பின. என்எஃப்எல்லின் பெரும்பாலான ஞாயிறு ஆட்டங்கள் அங்கிருந்து நீங்கவே இல்லை.