அழகும் விபத்தும் தவிர டயானா அப்படி என்ன செய்துவிட்டார்?

கேள்வி இதுதான்: "இளவரசி டயானா செத்து இத்தனை வருடமாகியும் ஏன் இன்னும் கொண்டாடுகிறார்கள்? அழகாக இருந்தார், விபத்தில் இறந்தார். வேறு என்ன செய்துவிட்டார்?"

நீங்கள் 2000க்குப் பிறகு பிறந்தவராக இருக்க வேண்டும். கைபேசியில் அந்த நீண்ட கல்யாண உடுப்பையும், தாஜ்மகாலுக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருக்கும் படத்தையும் பார்த்திருப்பீர்கள். அதை வைத்துக் கேட்கிறீர்கள். பிழை சொல்லவில்லை. 1997 தை மாதம் வரைக்கும் என்னுடைய கேள்வியும் இதேதான், இன்னும் கொஞ்சம் மோசமான சொற்களில்.

முதலிலேயே ஒன்று. நான் அரச குடும்ப பக்தன் இல்லை. எங்களைக் கட்டி ஆண்டுவிட்டுப் போனவர்களின் வீட்டு மருமகளுக்கு நான் ஏன் வக்காலத்து வாங்க வேண்டும் என்று கீழே யாராவது வந்து எழுதுவீர்கள். எழுதுங்கள். ஆனால் முழுதாக வாசித்துவிட்டு எழுதுங்கள்.

வாழ்க்கைக் கதையை விரைவாகச் சொல்லிவிடுகிறேன், அது எல்லா இடத்திலும் கிடைக்கும். 1961 ஜூலை 1இல் நோர்ஃபோக்கில் ஒரு பிரபு குடும்பத்தில் பிறந்தவர். அவர் சிறுமியாக இருக்கும்போதே தாய் தகப்பன் பிரிந்துவிட்டார்கள். லண்டனில் ஒரு பாலர் பள்ளியில் உதவியாளராக இருந்தார். 1981 ஜூலை 29இல், 20 வயதில், சார்ள்ஸுடன் கல்யாணம். இரண்டு ஆண் பிள்ளைகள். 1992இல் பிரிவு, 1996 ஓகஸ்டில் விவாகரத்து. அடுத்த ஓகஸ்டில் 36 வயதில் பாரிஸில் ஒரு சுரங்கப் பாதையில் முடிந்துவிட்டது. யார் கொன்றது என்ற ஆராய்ச்சியைத் தயவுசெய்து இங்கே கொண்டுவர வேண்டாம். ஓட்டுநரினதும் துரத்தி வந்த வாகனங்களினதும் படுமோசமான அலட்சியம்தான் காரணம் என்று 2008இல் லண்டன் மரண விசாரணையில் ஜூரிகள் சொல்லிவிட்டார்கள். ஓட்டுநர் குடித்திருந்தார். எனக்கு அது போதும்.

இனி என் கதை.

1995இல் லண்டன் வந்தேன். அகதி விண்ணப்பம் இழுபட்டுக்கொண்டிருந்தது. வடமேற்கு லண்டனில், மோட்டர்வேக்கு ஏறும் பெரிய வீதியில் ஒரு பெற்றோல் ஸ்டேஷனில் இரவு வேலை. முதலாளி எங்கள் ஆள்தான். மணிக்கு இரண்டரைப் பவுண். அந்த நாட்டில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1999 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது என்பதால் அதைச் சட்டவிரோதம் என்றுகூடச் சொல்ல முடியாது.

1997 ஓகஸ்ட் 30, அந்தச் சனி இரவு கடைக் கதவைப் பூட்டிவிட்டுக் கண்ணாடிச் சாளரத்துக்குப் பின்னால் இருந்தேன். இரவில் அதன் கீழே இருக்கும் தட்டில்தான் காசும் சாமானும் போய்வரும். ரேடியோவில் பாரிஸில் விபத்து என்றார்கள். டயானாவுக்குக் கை முறிவு என்கிற மாதிரி ஏதோ சொன்னார்கள். நான் பெரிதாகக் காது கொடுக்கவில்லை. விடிய ஐந்து மணி இருக்கும், ஒரு மினிகாப் ஓட்டுநர் வந்தார். வெள்ளைக்காரர், பெரிய உடம்பு, கழுத்தில் பச்சை குத்தியிருந்தார். 20 பவுண் தாளைத் தட்டில் வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் நின்றார். என்ன வேணும் என்று கேட்டேன். "அவ போயிட்டா" என்றார். எனக்கு விளங்கவில்லை. "உங்கட மனுசியோ?" என்று கேட்டேன், என் அரைகுறை இங்கிலீஷில். அந்த மனிதர் கண்ணாடியில் நெற்றியை வைத்து அழத் தொடங்கிவிட்டார். அழுது முடித்துவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். 20 பவுண் தட்டிலேயே கிடந்தது. எட்டு மணிநேர வேலைக்கு எனக்குக் கிடைப்பது அவ்வளவுதான்.

கொஞ்ச நேரத்தில் பத்திரிகைக் கட்டுகள் வந்திறங்கின. முதல் கட்டில் விபத்தே இல்லை. முன்னிரவில் அச்சடித்தது. டயானாவும் காதலர் டோடியும் விடுமுறையில் என்ன செய்தார்கள் என்ற ஊர்வம்பு அப்படியே கிடந்தது. அடுத்த கட்டு வரும்போது அதே பத்திரிகைகளின் முன்பக்கம் முழுக்க அவருடைய படம். இரண்டு அடுக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் பார்த்தேன். திட்டுவதற்கும் கும்பிடுவதற்கும் நடுவில் இரண்டு மணிநேரம்கூட இல்லை.

எனக்கு அழுகை வரவில்லை. ஆனால் வயிற்றுக்குள் ஏதோ செய்தது. அதற்குக் காரணம் அந்த மாதமில்லை, தை மாதம்.

1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்தில் வலிகாமமே போருக்குப் பயந்து ஒரே இரவில் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். அம்மாவும் சின்னம்மாவும் அந்தச் சனத்துக்குள்தான். அடுத்த வருடம் திரும்பிப் போனார்கள். வீடு கூரையில்லாமல் நின்றதாம். சின்னம்மா வளவுக்குப் பின்னால் பனங்காய் பொறுக்கப் போனவ. மிதிவெடி. இடது கால், கணுக்காலுக்கு மேலே. அதை எழுதிய கடிதம் எனக்கு வந்து சேர ஒன்றரை மாதம் ஆனது. அதில் அரைப் பக்கம் சின்னம்மாவைப் பற்றி, மீதி எனக்குச் சாப்பாடு சரியா என்று விசாரிப்பு.

யார் புதைத்தது என்று இங்கே சண்டை தொடங்க வேண்டாம். இராணுவம், புலிகள், இரண்டு பக்கமும்தான் புதைத்தது. அதைச் சொன்னதற்கே எனக்கு இரண்டு பக்கமும் ஏச்சு விழும், தெரியும்.

அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்த நாட்களில்தான், 1997 ஜனவரி நடுப்பகுதியில், வேலைக்கு வெளிக்கிடும் நேரம் தொலைக்காட்சியில் அதைப் பார்த்தேன். அங்கோலாவில் ஹுவாம்போ என்ற ஊர். நெஞ்சுக்குக் கவசம், முகத்துக்கு முன்னால் பிளாஸ்டிக் மறைப்பு. இரண்டு பக்கமும் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகள், நடுவில் ஒரு ஒடுங்கிய பாதை. அதில் டயானா நடந்து வருகிறார். கண்ணிவெடி அகற்றும் ஹாலோ டிரஸ்ட் துப்புரவாக்கிய பாதைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாதைக்கு ஒரு எட்டு அப்பால் என்ன கிடக்கும் என்று எனக்குத் தெரியும். படம் சரியாக எடுபடவில்லை என்று சில நிருபர்கள் சொன்னதால் திரும்பி இன்னொரு தரம் நடந்தார் என்று பிறகு வாசித்தேன். லுவாண்டாவில் காலிழந்த ஒரு சிறுமியை மடியில் வைத்துக்கொண்டிருந்த படமும் வந்தது.

"படத்துக்குப் போஸ்" என்று சொல்வீர்கள். ஓம், போஸ்தான். அதுதான் விஷயமே. கல்யாணமான நாளிலிருந்து கமராக்காரர்கள் அவரை விடவில்லை. எங்கே போனாலும் பின்னால் வரப்போகிறார்கள். சரி, அப்படியென்றால் வாருங்கள் என்று மிதிவெடிக்குள் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த நாட்களில் யாழ்ப்பாணத்துக்குள் வெளிநாட்டு நிருபர் ஒருவர் போய்ச் சேருவதே பெரும்பாடு. சின்னம்மாவின் காலை யார் படம் எடுத்தார்கள்? அங்கோலாப் பிள்ளையின் காலை உலகம் முழுக்கப் பார்த்தது. ஒரு கால் தெரிந்தால் மற்றக் காலும் கொஞ்சம் தெரியும் என்று அன்றைக்கு எனக்குப் பட்டது.

லண்டனில் ஆளும் கட்சிக்கு இது பிடிக்கவில்லை. கப்பல் தளத்தில் கட்டறுந்து உருளுகிற பீரங்கி மாதிரி என்று ஓர் இளநிலை அமைச்சர் அவரைச் சொன்னார். மிதிவெடியை முழுதாகத் தடை செய்ய அந்த அரசு தயாராக இருக்கவில்லை, இவர் அதைக் கேட்கும் ஆட்களோடு போய் நின்றார், அதுதான் எரிச்சல். மே மாதம் ஆட்சி மாறியது, கொள்கையும் மாறியது. ஓகஸ்டில் பொஸ்னியாவுக்குப் போனார், அதுவும் மிதிவெடிக்காகத்தான். மாதக் கடைசியில் செத்துவிட்டார். மறுநாள், செப்டெம்பர் 1, ஒஸ்லோவில் மிதிவெடித் தடை ஒப்பந்தத்தை எழுதி முடிக்கும் மாநாடு தொடங்கியது. டிசெம்பரில் ஒட்டாவாவில் 122 நாடுகள் கையெழுத்துப் போட்டன.

உடனே ஒருவர் வருவார்: "மிதிவெடித் தடைக்கான இயக்கம் 1992இலேயே தொடங்கிவிட்டது, நோபல் பரிசு அதை ஒருங்கிணைத்த ஜோடி வில்லியம்ஸுக்கும் அந்த இயக்கத்துக்கும்தான் கிடைத்தது, டயானா கடைசி எட்டு மாதம்தான் வந்தார்." முழுக்க உண்மை. ஒப்பந்தத்தை அவர் எழுதவில்லை. வருடக்கணக்காக மண்ணைக் கிண்டியவர்களும் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து பேசியவர்களும்தான் எழுதினார்கள். ஆனால் மிதிவெடி என்றால் என்ன என்று என் கடைக்கு வரும் கிழவிக்குக்கூடத் தெரியவந்தது அவரால்தான். அமெரிக்கா கையெழுத்துப் போடவில்லை. இலங்கை 2017இல்தான் சேர்ந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

மிதிவெடி மட்டும் இல்லை. 1987இல் லண்டன் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியில் எயிட்ஸ் நோயாளி ஒருவருக்குக் கையுறை இல்லாமல் கை கொடுத்தார். தொட்டால் ஒட்டும் என்று தாதிமாரே பயந்த காலம். தொழுநோயாளர்களிடமும் அப்படித்தான் போய் உட்கார்ந்தார், கையைப் பிடித்தார். இன்றைக்கு இதெல்லாம் சின்ன விஷயமாகத் தெரியும். ஊரில் தொழுநோய் வந்த ஒருவருக்குத் தேத்தண்ணி எந்தச் சிரட்டையில் கொடுத்தார்கள் என்று உங்கள் பாட்டியைக் கேட்டுப் பாருங்கள்.

அவர் குறையில்லாதவர் என்று நான் சொல்லவில்லை. பத்திரிகைக்காரர்களை விரட்டினார், தேவைப்பட்டபோது கூப்பிட்டும் விட்டார். 1995 பிபிசி நேர்காணலில் வீட்டுக்குள் நடந்ததையெல்லாம் கொட்டினார். அந்த நேர்காணலுக்கு அவரை வரவைக்கப் போலி வங்கிக் கணக்குத் தாள்கள் காட்டப்பட்டன என்று 2021இல் விசாரணை அறிக்கையே வந்துவிட்டது, அது வேறு கதை.

செத்தவீட்டு நாளைச் சொல்ல வேண்டும். செப்டெம்பர் 6, சனி. அன்றைக்கு எனக்குப் பகல் வேலை. சுற்றியிருந்த கடைகள் பல காலையில் பூட்டியிருந்தன. எங்கள் முதலாளி பூட்டவில்லை. "தம்பி, செத்தவ என்ன உன்ர மச்சாளோ?" என்று கேட்டார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் பூசை முடிந்ததும் உடலை வடக்கே அவருடைய பிறந்த வீட்டாரின் இடமான ஓல்தோர்ப்புக்குக் கொண்டு போகும் வழி எங்கள் வீதி. மத்தியானம் சனம் இரண்டு பக்கமும் நிறைந்துவிட்டது. நான் கல்லாவை விட்டுவிட்டு வாசல் விளிம்பில் போய் நின்றேன். இத்தனை சனம் நின்றும் சத்தமில்லை. கறுப்புக் கார் வந்தது. எல்லாரும் பூவை எறிந்தார்கள். முன்கண்ணாடி மறைந்துபோய், ஓட்டுநர் வைப்பரைப் போட்டுப் பூவைத் தள்ளித் தள்ளி ஓட்டிக்கொண்டு போனார். மழை இல்லாத நாளில் வைப்பர் ஓடுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒரு கார்னேஷன் அந்த இரப்பரில் சிக்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்துகொண்டே இருந்தது, கண்ணுக்கு எட்டும் தூரம் வரை.

திரும்பிப் பார்த்தால், மூன்றாம் பம்பில் ஒருவன் பெற்றோல் அடித்துவிட்டுக் காசு கட்டாமல் ஓடிவிட்டான். 23 பவுண். அந்த நேரத்திலும்!

முதலாளி அதை என் சம்பளத்தில் பிடிப்பேன் என்றார். ஓடிப்போன ஒவ்வொரு காருக்கும் அப்படித்தான் பிடிப்பார், என்னிடம் மட்டுமில்லை, அங்கே வேலை செய்த நாலு பொடியன்களிடமும். கமராவில் கார் நம்பர் இருக்கிறது, பொலிஸில் சொல்லுங்கோ அண்ணை என்றால், விசா இல்லாத உனக்கு எதுக்குப் பொலிஸ் என்பார். வெள்ளைக்காரன் எங்களைச் சுரண்டுகிறான் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கையும் ஒருநாள் எழுத வேண்டும். அவர் பிறகு மூன்று ஸ்டேஷன் வாங்கினார், கோயிலுக்குத் தேரும் செய்து கொடுத்தார். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஆனால் டயானா என்றதும் எனக்கு அந்த 23 பவுணும் சேர்ந்தே ஞாபகம் வருகிறது. மினிகாப்காரரின் 20 பவுணை ஒரு வாரம் எடுத்து வைத்திருந்தேன். அவர் வரவில்லை. கடைசியில் அதைத்தான் முதலாளியிடம் கொடுத்து, மீதி மூன்றைச் சம்பளத்தில் கழிக்கச் சொன்னேன்.

2003இல், சமாதான காலத்தில், பாதை திறந்த பிறகு ஊருக்குப் போனேன். முகமாலையில் வீதியோரம் முழுக்க அதே சிவப்பு மண்டையோட்டுப் பலகைகள். ஒன்றுக்குப் போக வேண்டுமென்றாலும் தாரை விட்டு இறங்காதே என்று பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் சொன்னார். அங்கோலாவில் வேலை செய்த அதே ஹாலோ டிரஸ்ட் முந்தைய வருடம் யாழ்ப்பாணத்துக்கு வந்துவிட்டிருந்தது.

சின்னம்மா ஜெய்ப்பூர் காலோடு முற்றத்தில் நெல்லுப் புழுக்கிக்கொண்டிருந்தா. கொண்டுபோயிருந்த பழைய பத்திரிகையில் ஹுவாம்போ படத்தைக் காட்டி, இவதான் எங்களுக்காகவும் நடந்தவ என்கிற மாதிரி ஏதோ பெரிதாகச் சொன்னேன். சின்னம்மா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படத்தை நன்றாகக் கிட்டப் பிடித்துப் பார்த்தா.

"நெஞ்சுக்குப் போட்டிருக்கிறா, முகத்துக்குப் போட்டிருக்கிறா," என்றா. "காலுக்கு ஒண்டும் போடேல்லையோ?"