போலீஸ் கதவ தட்டுனா உடனே "உள்ள வாங்க"ன்னு சொல்லிடாதீங்க

அமெரிக்கால டல்லாஸ் பக்கம் இர்விங்ல இருந்து ஒரு வாசகர் கேட்ருக்கார். ஹெச்-1பிங்கற வேலை விசால இருக்கார். போன வாரம் ராத்திரி ரெண்டு போலீஸ்காரங்க வந்து பக்கத்து வீட்டு ஆள பத்தி விசாரிச்சிருக்காங்க, "உள்ள வரலாமா"ன்னு கேட்டதும் இவர் மனைவி தள்ளி நின்னு வழி விட்டுட்டாங்க, அவங்களும் வீட்ட ஒரு சுத்து பாத்துட்டு போயிட்டாங்க. "நாம சிட்டிசன் இல்ல, தடுக்க நமக்கு உரிமையே இல்லன்னு ஆபீஸ்ல சொல்றாங்க, நிஜமா சார்?"

நிஜம் இல்லங்க, இத நம்பி எத்தனையோ பேர் பயந்துக்கிட்டே இருக்காங்க. 1791-ல அமெரிக்க அரசியல் சாசனத்துல சேர்த்த பத்து திருத்தத்துல நாலாவது, தகுந்த காரணம் இல்லாம வீட்ட சோதனை போடக்கூடாதுங்குது. அங்க 'மக்கள்'னு தான் இருக்கு, 'குடிமக்கள்'னு இல்ல. 1868-ல வந்த பதினாலாவது திருத்தமும் சட்டத்தோட சம பாதுகாப்ப 'எந்த நபருக்கும்' மறுக்கக்கூடாதுன்னு தான் சொல்லுது. சான் பிரான்சிஸ்கோல மரக்கட்டடத்துல லாண்டரி நடத்த பெர்மிட் கேட்ட சீனக்காரங்க இருநூறு பேருக்கு மேல, ஒருத்தருக்கும் தரல, மத்தவங்களுக்கு மட்டும் குடுத்தாங்க. 1886-ல யிக் வோ கேஸ்ல சுப்ரீம் கோர்ட் இது தப்பு, குடியுரிமை இல்லாதவங்களுக்கும் இந்த பாதுகாப்பு உண்டுன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. ஓட்டு போடறது, ஜூரில (கோர்ட்ல கேஸ கேட்டு முடிவு சொல்ற பொதுமக்கள் குழு) உக்கார்றது, இதெல்லாம் தான் சிட்டிசனுக்கு மட்டும். அதுல மறந்தும் கை வைக்காதீங்க, ஓட்டு போட்டா விசாவுக்கே ஆபத்து.

உங்க வீட்ல நடந்தது வேற விஷயம். வாசல்ல யார் வந்தாலும் "வாங்க வாங்க"ன்னு சொல்லியே வளந்தவங்க நாம, ஆனா போலீஸ் கேக்கும்போது தலை ஆட்டுறதோ வழி விட்டு நிக்கறதோ கூட சம்மதம்னு கோர்ட்ல எடுத்துக்கலாம். சம்மதம் குடுத்துட்டா வாரன்ட், அதாவது சோதனை போட ஜட்ஜ் கையெழுத்து போட்டு தர்ற உத்தரவு, தேவையில்ல. "வேணாம்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு"ன்னு அவங்க முன்னாடியே சொல்லணும்னு கட்டாயமும் இல்ல, 1973-லயே சுப்ரீம் கோர்ட் அப்படி சொல்லிடுச்சு. அதனால நாம தான் தெரிஞ்சு வெச்சிருக்கணும்.

அடுத்த தடவ கதவ திறக்காம உள்ள இருந்தே "வாரன்ட் இருக்கா, கதவுக்கு அடில தள்ளுங்க"ன்னு மரியாதையா கேளுங்க. பேப்பர் வந்தா மூணு இடம் பாருங்க: உங்க அட்ரஸ் அப்பார்ட்மென்ட் நம்பரோட சரியா இருக்கா, தேதி என்ன, கீழ கையெழுத்து போட்டது ஜட்ஜா. இமிக்ரேஷன் ஆளுங்க கொண்டு வர்றதுல சிலது மேல 'வாரன்ட்'னு தான் போட்டிருக்கும், ஆனா கையெழுத்து அவங்க டிபார்ட்மென்ட் ஆபீசரோடது. அப்ப கதவ திறக்காம முதல்ல லாயருக்கு போன் போடுங்க. உள்ள யாரோ உயிருக்கு போராடுறாங்க, இல்ல ஒருத்தன துரத்திக்கிட்டே வர்றாங்கன்னா வாரன்ட் இல்லாமலும் வருவாங்க, அப்ப வழிய மறிக்காதீங்க, கைய நீட்டாதீங்க, "எனக்கு சம்மதம் இல்ல"ன்னு வாயால மட்டும் சொல்லுங்க.

பேசாம இருக்கறதுக்கும் உரிமை உண்டு, ஆனா சும்மா வாய மூடிட்டு இருந்தா பத்தாது, "நான் பேச விரும்பல"ன்னு சொல்லிட்டு மூடணும். எது வேணா பண்ணுங்க, பொய் மட்டும் சொல்லாதீங்க, ஃபெடரல் ஆபீசர்கிட்ட சொல்ற பொய்யே தனி குற்றம். கிரிமினல் கேஸ்ல வக்கீல் வைக்க காசு இல்லன்னா அரசே ஒருத்தர குடுக்கணும்ங்கறது 1963 கிடியன் தீர்ப்பு. இமிக்ரேஷன் கோர்ட்ல அது பொதுவா கிடைக்காது, அங்க நம்ம செலவு தான். அதனால நல்ல லாயர் ஒருத்தர் நம்பர இப்பவே வாங்கி வெச்சுக்கோங்க.

இன்னொன்னு, ஊர்ல இருந்து அம்மா அப்பா விசிட்டர் விசால வந்திருந்தா பகல்ல கதவ திறக்கறது அவங்க தான். "யாரா இருந்தாலும் திறக்காதீங்கம்மா, எனக்கு கால் பண்ணுங்க"ன்னு சொல்லி, உங்க நம்பரையும் லாயர் நம்பரையும், எது யாரோடதுன்னு தமிழ்ல போட்டு, பெரிய எழுத்துல எழுதி கதவுக்கு உள்பக்கம் ஒட்டிடுங்க.