படிப்பதெல்லாம் எங்கே போகிறது?

கேள்வி: நிறையப் படிக்கிறேன். ஆனால் நான் எழுதும் கதைகளில் அந்தப் படிப்பின் சுவடே தெரியவில்லை. ஏன்?

பதில்: கதை இழுத்துக்கொண்டு ஓடும்போது வாக்கியங்கள் கண்ணில் படாது. படாமல் பார்த்துக்கொள்வதுதானே எழுதியவரின் கெட்டிக்காரத்தனம்! அதனால் அளவைக் குறையுங்கள். ஏற்கெனவே படித்து முடித்த புத்தகத்தில் ஒரு பக்கம் போதும். அடுத்து என்ன ஆகும் என்ற பதைப்பு அடங்கிய பிறகுதான் எப்படி எழுதியிருக்கிறார் என்று பார்க்கப் பொறுமை வரும்.

பென்சிலோடு உட்காருங்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் எத்தனை சொல் என்று ஓரத்தில் குறியுங்கள். 14, 11, 3, 19 என்று வந்தால், அந்த 3 ஏன் அங்கே விழுந்தது என்று யோசியுங்கள். பிறகு வாக்கியத்தை முடிக்கும் சொற்களை வட்டமிடுங்கள். தமிழில் வினை பெரும்பாலும் கடைசியில் வருவதால், அசந்தால் ‘வந்தான், பார்த்தான், சிரித்தான்’ என்று ஒரே ஓசையில் வரிகள் முடியும். தேர்ந்தவர்கள் ஒரு வாக்கியத்தைப் பெயர்ச்சொல்லில் நிறுத்துவார்கள். இன்னொன்றில் வினையை முன்னே இழுத்துவிடுவார்கள். எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவே எத்தனை வினையெச்சங்கள் (‘எழுந்து, போய், திறந்து’) அடுக்கியிருக்கிறார் என்றும் எண்ணுங்கள். ஐந்தாறு சேர்ந்தால் யார் செய்தார் என்பதே மறந்துபோகும். சேர்ந்தும் மறக்கவில்லையா? அந்த வாக்கியத்தைத் தனியாக எடுத்துப் பிரித்துப் பாருங்கள்.

அடுத்து, நீங்கள் எழுதிய பக்கம் ஒன்றில் இதே குறிகளை இடுங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

கேள்வி: பிடித்த பகுதிகளைப் பார்த்து எழுதினால் பயன் உண்டா?

பதில்: கொஞ்சம். சொல்லுக்குச் சொல் பார்த்து எழுதினால் கை ஓடும், மனம் தூங்கும். முழு வாக்கியத்தையும் படித்து, புத்தகத்தை மூடிவிட்டு எழுதுங்கள்.

இன்னும் கடினமான வழியை அமெரிக்க எழுத்தாளரும் அரசியல் தலைவருமான பெஞ்சமின் பிராங்க்ளின் தன் சுயசரிதையில் சொல்கிறார். இளவயதில், ‘ஸ்பெக்டேட்டர்’ என்ற ஆங்கில இதழின் கட்டுரைகளை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் சிறு குறிப்பாக்கினார். சில நாள் ஒதுக்கிவைத்தார். பிறகு குறிப்புகளைக் கொண்டே கட்டுரையைத் திரும்ப எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தினார். சிலசமயம் குறிப்புகளைக் கலைத்துப் போட்டு, சில வாரம் கழித்து வரிசைப்படுத்தவும் முயன்றார். கட்டுரையின் அமைப்பு பிடிபட இது நல்ல பயிற்சி.

அந்த இடைவெளியைக் குறைக்காதீர்கள். அன்றைக்கே எழுதினால் மனப்பாடம்தான் வெளியே வரும். ஒப்பிடும்போது உங்கள் பிரதியில் கூடுதலாக இருக்கும் சொற்களை அடிக்கோடிடுங்கள். ‘மிகவும்’, ‘ஒருவிதமான’, ‘என்றே சொல்லலாம்’ என்று உங்கள் வழக்கமான ஒட்டுகள் அகப்படும்.

கேள்வி: ஒரே எழுத்தாளரையே படித்தால் அவர் நடை ஒட்டிக்கொள்ளாதா?

பதில்: ஒட்டும். நடை வேறான இருவரை மாற்றி மாற்றிப் படியுங்கள். ஒருவர் கதாசிரியர் என்றால் மற்றவர் கட்டுரையாளராக இருக்கட்டும். எழுத உட்காரும் முன் இருவரையும் தொடாதீர்கள்.